மிதி கயாக்

மிதி கயாக் என்பது துடுப்பு வலிப்பதற்குப் பதிலாகக் கால்களால் மிதித்து இயக்கப்படும், ஒருவர் அல்லது இருவர் அமரக்கூடிய ஒடுங்கிய சிறு படகு ஆகும். ஆர்க்டிக் பகுதி இனுவிட் மக்களின் வேட்டைப் படகிலிருந்து வந்த கயாக்கின் உடலமைப்பும், ஏரிப் பூங்காக்களில் காணப்படும் மிதிபடகின் இயக்கமும் இதில் இணைந்துள்ளன. மிதிப்பவரின் கைகள் ஓய்வாக இருப்பதால் தூண்டில் மீன்பிடிப்போர், பறவை நோக்குவோர், ஒளிப்படம் எடுப்போர் ஆகியோர் இதனைப் பெரிதும் விரும்புகின்றனர். ஆனால் துடுப்பு படகை உந்துவதோடு திருப்பவும் செய்யும் கருவி. அதனை நீக்கியபின் திசை முழுவதும் பின்முனையிலுள்ள சிறிய சுக்கானைச் சார்ந்து விடுகிறது. இவ்வகைப் படகின் வலுக்குறைந்த பகுதி இதுவே.

வரலாறு

காலால் மிதித்துப் படகு செலுத்துவது புதிய எண்ணம் அன்று. சீனாவில் சோங் அரசமரபின் காலத்தில் ஆட்கள் மிதித்துச் சுழற்றிய துடுப்புச் சக்கரக் கப்பல்கள் போரில் பயன்பட்டன. 1161-இல் நடந்த சாய்ஷிப் போரில் அவை பங்கேற்றன. லியொனார்டோ டா வின்சியின் குறிப்பேடுகளிலும் மிதிபடகின் வரைபடங்கள் உள்ளன.

இந்தியாவில் குறிப்பிடத்தக்க முயற்சி பீகாரைச் சேர்ந்த முகமது சைதுல்லாவினுடையது. 1975-ஆம் ஆண்டு வெள்ளத்தின்போது ஆற்றைக் கடக்க வழியின்றி, மிதிவண்டியில் காற்றடைத்த மிதவைகளையும் பின்சக்கர ஆரக்கால்களில் விசிறித் தகடுகளையும் பொருத்தி, நீரிலும் நிலத்திலும் ஓடும் வண்டியை அவர் உருவாக்கினார். 2005-இல் தேசியப் புத்தாக்க நிறுவனம் அவருக்கு விருது வழங்கியது.

பிரித்தானியரான ஜேசன் லூயிஸ் 1994 முதல் 2007 வரை மனித ஆற்றலால் மட்டுமே உலகைச் சுற்றி வந்தார். அவர் கடல்களைக் கடந்த மிதிபடகின் பெயர் 'மோட்சா'. பயணத்தின் இறுதிக் கட்டத்தில் அவர் மும்பையிலிருந்து ஜிபூட்டி வரை அரபிக் கடலை மிதித்தே கடந்தார். வேகத்தில் முதன்மையானது அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான 'டெக்காவிடேட்டர்'. நீரடிச் சிறகுகள் மீது எழும்பிச் சென்ற இப்படகு, 1991-இல் மார்க் டிரேலா மிதிக்க 18.5 கடல்மைல் வேகத்தை (மணிக்கு ஏறத்தாழ 34 கி.மீ.) எட்டியது.

பொதுமக்களிடம் மிதி கயாக்கைக் கொண்டு சேர்த்தது கலிபோர்னியாவின் ஹோபி நிறுவனம். 1997-இல் அது வெளியிட்ட 'மிராஜ்' இயக்கியில் படகின் அடியில் இரு துடுப்புச் சிறகுகள் பென்குயினின் சிறகுகளைப்போல் பக்கவாட்டில் அசைகின்றன. பின்னர் வேறு நிறுவனங்கள் மிதிவண்டியைப்போல் வட்டமாக மிதித்து விசிறியைச் சுழற்றும் வகைகளை வெளியிட்டன.

தமிழகத்தில்

மிதி கயாக் தமிழகத்தில் அரிது எனினும் அதன் உறவினரான மிதிபடகு நன்கு அறிமுகமானது. உதகை, கொடைக்கானல், ஏற்காடு ஏரிகளிலும், 1984-இல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் தொடங்கிய முட்டுக்காடு படகுத் துறையிலும் கண்ணாடியிழையால் ஆன மிதிபடகுகள் வாடகைக்கு விடப்பட்டு வந்துள்ளன. சென்னையின் மேற்குப் புறநகரில், சென்னீர்குப்பம் வழியே செல்லும் பூந்தமல்லி - ஆவடி சாலையை ஒட்டியுள்ள பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டு 2019-இல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டபின் அங்கும் படகுச் சவாரி தொடங்கப்பட்டது.

இவ்வாடகைப் படகுகளில் இருக்கைகளுக்கு நடுவே உள்ள கைப்பிடி பின்னாலுள்ள சுக்கானைத் திருப்புகிறது. அமைப்பின் அடிப்படை மிதி கயாக்கிற்கும் இதுவே. ஆகவே கீழே கூறப்படுவன பெரும்பாலும் இரண்டுக்கும் பொருந்தும்.

வேகமும் ஆற்றலும்

பயிற்சியற்ற ஒருவர் நெடுநேரம் தரக்கூடிய ஆற்றல் 75 முதல் 100 வாட் வரை. இது ஒரு குதிரைத் திறனில் ஏழில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. எனினும் தொடைத் தசைகள் தோள் தசைகளைவிடப் பெரியவை என்பதால் துடுப்பு வலிப்பதைவிடக் களைப்புக் குறைவு. வேகத்திற்கு எல்லை விதிப்பது படகின் நீளம். 13 அடி நீளப் படகு மணிக்கு ஏறத்தாழ 9 கி.மீ. வேகத்தை நெருங்கும்போது தான் எழுப்பிய அலையையே ஏற வேண்டியிருப்பதால், அதற்குமேல் எவ்வளவு மிதித்தாலும் வேகம் சிறிதே கூடும்.

திசைதிருப்பல்

சுக்கான் தானாகப் படகைத் திருப்புவதில்லை. அதன் மீது பாயும் நீரைப் பக்கவாட்டில் தள்ளும்போது ஏற்படும் எதிர்விசையே படகின் பின்முனையை மறுபக்கம் நகர்த்துகிறது. இவ்விசை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். வேகம் பாதியானால் திருப்பும் விசை நான்கில் ஒரு பங்காகும். படகு நின்றுவிட்டால் விசையே இராது.

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். கரையோ மற்றொரு படகோ நெருங்கும்போது மிதிவண்டிப் பழக்கத்தால் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கைப்பிடியை மட்டும் முழுவதும் திருப்புகின்றனர். மிதிவண்டியின் சக்கரம் தரையைப் பற்றியிருப்பதால் மிதிக்காமலும் திரும்பும். படகிற்கு அத்தகைய பிடிமானம் இல்லை. அது பழைய திசையிலேயே வழுக்கிச் செல்லும். கைப்பிடியைத் திருப்பிப் பிடித்தபடியே தொடர்ந்து மிதிப்பதே சரியான முறை. வாடகை மிதிபடகுகளில் சுழலும் சக்கரத்திற்கு மிக அருகில் சுக்கான் உள்ளதால், நின்ற நிலையிலும் சக்கரம் தள்ளும் நீர் சுக்கானில் மோதிப் படகைத் திருப்பிவிடும். மிதி கயாக்கில் இயக்கி நடுவிலும் சுக்கான் கடைசியிலும் இருப்பதால் இந்த உதவி மிகக் குறைவு.

கைப்பிடியை எவ்வளவு திருப்பலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. ஏறத்தாழ 35 பாகைக்கு மேல் சுக்கானின் பின்புறம் நீரோட்டம் பிரிந்து சுழல்கள் உண்டாகின்றன. அந்நிலையில் சுக்கான் திருப்பும் வேலையை விட்டுத் தடையாக மட்டுமே செயல்படும்.

திருப்புதிறனை மேம்படுத்த விரும்புவோர் பெரும்பாலும் முதலில் பெரிய சுக்கானை வாங்குகின்றனர். அது பயனுள்ளதே. அகலத்தைக் கூட்டுவதைவிட ஆழத்தைக் கூட்டுவது சிறந்தது, ஏனெனில் அலையில் பின்முனை எழும்பினாலும் ஆழமான சுக்கான் நீரைவிட்டு வெளியே வராது. ஆயினும் அதற்கு முன் சுக்கான் கயிறுகளைச் சோதிப்பது நல்லது. கைப்பிடியிலிருந்து சுக்கான் வரை குழாய்களினூடாகச் செல்லும் கயிறு நைலானாக இருப்பின், இழுவையில் நீண்டு, கைப்பிடி திரும்பினாலும் சுக்கான் அரைகுறையாகவே திரும்பும். நீளாத டைனீமா இழைக் கயிற்றை மாற்றிக் கட்டி, இருபுறமும் சம இழுவையில் இறுக்கினாலே பல படகுகள் புதியவைபோல் திரும்புகின்றன. குழாயின் வளைவுகளில் மணல் சேர்ந்திருந்தாலும் கைப்பிடி கடினமாகும்.

சுக்கான் தகட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுழலச்சிற்கு முன்னால் அமையுமாறு செய்தால் கைக்கு வேண்டிய விசை குறையும். இதற்கு மேல் போனால் சுக்கான் தானே ஒருபுறம் சாயத் தொடங்கும்.

காற்று மற்றொரு சிக்கல். முட்டுக்காடு போன்ற கழிமுகங்களில் பிற்பகல் கடற்காற்று வீசும்போது பல கயாக்குகளின் முன்முனை தானாகவே காற்றை நோக்கித் திரும்ப முயலும். சுமையைச் சிறிது பின்னுக்கு நகர்த்தினால் பின்முனை நீரில் ஆழ்ந்து இப்போக்குக் குறையும். இயக்கியின் சிறகுகள் நீரில் செங்குத்தாகத் தொங்கும்போது பக்கவாட்டு நகர்வைத் தடுக்கும் தகடாகவும் பயன்படுகின்றன.

பின்னோக்கிச் செல்கையில் சுக்கானின் விளைவு தலைகீழாகும். மேலும் நீர் தகட்டின் பின்விளிம்பில் மோதுவதால் கைப்பிடி கையைவிட்டுத் துள்ளக்கூடும். உறுதியாகப் பிடித்து மெதுவாக மிதிக்க வேண்டும். 2019-இல் ஹோபி வெளியிட்ட இயக்கியில் சிறகுகளின் தொகுதியையே 360 பாகையும் திருப்பலாம். உந்துவிசையே வேண்டிய திசையில் செலுத்தப்படுவதால் நின்ற இடத்திலும், பக்கவாட்டிலும் படகை நகர்த்த இயலும். விலை அதிகம், உறுப்புகளும் அதிகம்.

களைச்செடிகள்

சென்னைப் புறநகர் ஏரிகளில் பரவும் ஆகாயத்தாமரை மிதி கயாக்கிற்குப் பெரும் இடையூறு. அதன் வேர்கள் விசிறியில் சுற்றிக்கொள்ளும். அசையும் சிறகுகளில் ஓரளவு நழுவிவிடும். எவ்வகையாயினும் சுக்கானில் சிக்கிய செடி திருப்புதலை முடக்கிவிடும். அப்போது சுக்கானை மேலே தூக்கி, இயக்கியையும் கழற்றி எடுத்து, துடுப்பால் வெளியேற வேண்டும். இதனால் மிதி கயாக்கிலும் ஒரு துடுப்பு எப்போதும் வைத்திருக்கப்படுகிறது. உயிர்காப்புச் சட்டை அணியாமல் இப்படகில் ஏறலாகாது.