மாணவர் எழுதும் புதுநாடகமும் பல்கலைக்கழக அரங்கும்

1. தோற்றுவாய்

நாடகத் தமிழ் பற்றிய ஆய்வுகள் நம் பல்கலைக்கழகங்களில் பெருகி வருகின்றன. நாடக நூல்களின் கதைப்போக்கு, பாத்திரப் படைப்பு, உரையாடல் நடை, சமுதாயப் பின்னணி ஆகியவற்றைப் பகுத்தாராய்ந்து பட்டம் பெறும் மாணவர் பலர். ஆயின், முதுகலை பயிலும் மாணவர் ஒருவர் தாமே புதுநாடகம் எழுதி, உடன் பயில்வோர் நடிக்க, ஆசிரியரும் ஊராரும் அமர்ந்த அவையின்முன் அதனை அரங்கேற்றுதல் அரிதாகவே நிகழ்கின்றது. நிகழுமிடத்தும் அது கல்லூரி விழாவின் ஓர் உறுப்பாகக் கொள்ளப்படுகின்றதேயன்றிக் கல்வியின் உறுப்பாகக் கொள்ளப்படுவதில்லை.

தமிழ் வழங்கும் நிலங்களில், பல்கலைக்கழகத்தின் அரவணைப்பில் புதுநாடகம் பிறந்த இடங்கள் சில உள. அவை எவை, அங்கு அது பிறந்தமைக்குக் காரணம் யாது என்பனவற்றை வரலாற்று முறையில் ஆராய்ந்து, திருச்சிராப்பள்ளியில் தமிழ் பயில்வோரும் பயிற்றுவோரும் அதனாற் பெறத்தக்க பயனைச் சுட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். எழுதுவோனும் அரங்கும் அவையும் ஓரிடத்தே கூடியபோதே பல்கலைக்கழகம் நாடகத்தை ஈன்றது என்பது யாம் நிறுவ முயலும் கருத்தாம்.

2. அரங்கேற்றம் என்னும் மரபு

மாணவர் நாடகங்களை அவைமுன் வைத்து ஆராய்தல் மேலைநாட்டார் வழக்கு என்பாரும் உளர். நூலை அவையில் ஏற்றி ஆராய்தல் நமக்குப் புதியதன்று. தொல்காப்பியம் நிலந்தருதிருவிற் பாண்டியன் அவையத்து அதங்கோட்டாசான் கேட்ப அரங்கேறிற்று என்பது சிறப்புப் பாயிரத்தாற் பெறப்படும். கம்பர் தம் இராமாயணத்தைத் திருவரங்கத்துத் தாயார் சந்நிதிக்கு எதிரேயுள்ள மண்டபத்தில் அரங்கேற்றினார் என்பது வழிவழி வரும் செய்தி; அம்மண்டபம் இன்றும் அப்பெயராலேயே சுட்டப்படுகின்றது. எழுதி முடித்த அளவில் ஒரு நூல் நூலாகிவிடுவதில்லை. கற்றார் கேட்டுத் தடைகூறி விடைபெற்ற பின்னரே அது நூலாகும் என்று நம் முன்னோர் கொண்டனர்.

நாடகத்திற்கு இக்கருத்து இருமடங்கு பொருந்தும். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் ஆடலாசிரியன், இசையாசிரியன், நன்னூற்புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்போரின் இலக்கணங்களை நிரலே கூறுவர். இவருள் எழுதுவோனாகிய புலவன் தனித்து நிற்கவில்லை. முழவுக்கும் குழலுக்கும் யாழுக்கும் உரியாரோடு ஒருவனாக வைத்து எண்ணப்படுகின்றான். அதன்பின் அரங்கின் அளவு கூறப்படுகின்றது: இருபத்துநான்கு விரல் கொண்ட கோலால் 8 கோல் நீளம், 7 கோல் அகலம், 1 கோல் உயரம். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி எனத் திரைகளும் மூவகைப்படும். புலவனின் சொல் இத்துணைச் சிற்றிடத்தில், இத்துணைத் திரைகளுக்கு இடையே, இத்துணைக் கலைஞர் துணையோடு உயிர்பெற வேண்டும் என்பது அடிகளார் உள்ளக்கிடக்கை எனலாம்.

3. மேலைநாட்டு முயற்சி ஒன்று

இக்காலப் பல்கலைக்கழகங்களில் நாடகம் எழுதுதலைப் பாடமாக்கியோருள் முன்னோடியாகக் கூறப்படுபவர் ஹார்வர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘ஆங்கிலம் 47’ என்னும் வகுப்பை அவர் நடத்தினார். மாணவர் எழுதிய நாடகங்களை ஆடிக்காட்ட ‘47 பயிலரங்கு’ என்பதொன்றனையும் அமைத்தார். அங்கு நாடகம் காண வந்தோர் கைதட்டிச் செல்வதோடு அமைதல் கூடாது. தம் கருத்தை எழுதித் தருதலும் வேண்டும். அக்கருத்துரைகள் எழுதியவர் பெயர் நீக்கப்பட்டு மாணவரிடம் அளிக்கப்பட்டன. பின்னர் நோபல் பரிசு பெற்ற யூஜின் ஓநீல் 1914-15ஆம் கல்வியாண்டில் இவ்வகுப்பில் பயின்றவராவர். எனினும், நாடகத்திற்குத் தனித்துறையும் நிலையான அரங்கும் ஹார்வர்டில் அமையாமையின், 1925இல் பேக்கர் யேல் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். வகுப்பும் அரங்கும் எழுத்துவடிவத் திறனாய்வும் ஒருங்கிணைந்த முறை இது என்பதை உளங்கொள்க.

4. படித்தற்குரிய நாடகமும் நடித்தற்குரிய நாடகமும்

தமிழ்நாட்டில் கற்றறிந்த பேராசிரியர்கள் நாடகம் எழுதத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலாகும். திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய சுந்தரம் பிள்ளை 1891இல் மனோன்மணீயத்தை வெளியிட்டார். ஐந்து அங்கங்களும் இருபது களங்களும் கொண்ட இச்செய்யுள் நாடகம் பல தலைமுறை மாணவர்க்குப் பாடநூலாக அமைந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியராகிய பரிதிமாற் கலைஞர் ரூபாவதி, கலாவதி, மானவிசயம் என்னும் நாடகங்களை இயற்றியதோடு, 1897இல் நாடகவியல் என்னும் இலக்கண நூலும் யாத்தார். இவ்விருவர் பணியும் போற்றத்தக்கது. நாடகமும் இலக்கியமே என்பதைக் கற்றோர் அவையில் நாட்டியவர் இவர். எனினும் இந்நூல்கள் மேடையில் ஆடப்பட்டமையினும் வகுப்பில் படிக்கப்பட்டமையே மிகுதி.

அதே காலத்தில் பிறிதோரிடத்தில் நாடகம் வேறு வகையில் எழுதப்பட்டு வந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) சிறுவர்களைக் கொண்ட நாடகக் குழுக்களுக்கு ஆசிரியராய் இருந்து, அவர்தம் குரலும் வயதும் அறிந்து பாடலும் உரையாடலும் அமைத்தார். அவர் அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் எழுதி முடித்தார் என அவர் மாணவர் தி. க. சண்முகம் கூறுவர். அவ்விரைவுக்குக் காரணம் புலமை மட்டுமன்று; நடிக்கவிருக்கும் பிள்ளைகள் எழுதுவோரின் கண்முன்னே இருந்தனர். இவ்வாறு, எழுத்து பல்கலைக்கழகத்திலும் அரங்கு கொட்டகையிலுமாகப் பிரிந்து நின்றமையே நம் நாடக வரலாற்றின் பெருங்குறை என யாம் கருதுகின்றோம்.

இங்கு ஒரு தடை எழலாம். நாடக இலக்கியத்திற்குப் படிப்பின்பமும் ஒரு பயனன்றோ, மேடையேறாமையால் மனோன்மணீயம் சிறுமையுற்றதோ என வினவலாம். சிறுமையுறவில்லை, அதன் தமிழ்த்தெய்வ வணக்கம் இன்று நாடெங்கும் ஒலிக்கின்றது. ஆயின் ஒரு பேரறிஞரின் முற்றிய புலமைக்கு ஒத்தது, எழுதக் கற்கும் மாணவனுக்கு ஒவ்வாது. தன் சொல் நடிப்போன் நாவில் எங்கே தடைப்படுகின்றது, அவை எங்கே அயர்கின்றது என்பதை அவன் ஏட்டிலிருந்து அறிதல் இயலாது.

5. ஈழத்துப் பல்கலைக்கழகங்கள்

இப்பிரிவை முதலில் போக்கியோர் ஈழத்தவர். இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய க. கணபதிப்பிள்ளை (1903-1968) கல்வெட்டுமொழி ஆய்வில் இலண்டனில் பட்டம் பெற்றவர். அத்தகைய மொழியறிஞர், பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்க மாணவர் நடித்தற்பொருட்டு யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில் நாடகங்கள் எழுதினார். உடையார் மிடுக்கு முதலிய நான்கு நாடகங்கள் ‘நானாடகம்’ என்னும் பெயரில் 1940இல் வெளிவந்தன. செந்தமிழ் நடையே நாடகத்திற்கு உரியது என்னும் எண்ணம் ஓங்கியிருந்த காலத்தில், மக்கள் வழங்கும் மொழியை அச்சேற்றும் துணிவு அவர்க்கு எங்ஙனம் வந்தது? மொழியியற் பயிற்சி ஒரு காரணம். அம்மொழியை வீட்டிலே பேசும் மாணவரே நடிகராக அமைந்தது மற்றொரு காரணம்.

அவர்தம் மாணவர் சு. வித்தியானந்தன், சிங்கள நாடகத்தில் சரச்சந்திரரின் ‘மனமே’ (1956) விளைத்த மாற்றத்தைக் கண்டு, மட்டக்களப்புக் கூத்து மரபைப் பேராதனை வளாகத்திற்குக் கொணர்ந்தார். 1962 முதல் 1967 வரை கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலி வதை என்பன அங்கு அரங்கேறின. இவை முற்றிலும் புதியன அல்ல. பழங்கூத்தின் வடிவில் செப்பம் செய்யப்பெற்றவை. ஆயினும் இவற்றில் ஆடிய மாணவரே பின்னர்ப் புதுநாடகம் படைத்தனர். இராவணேசனில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு, மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து முனைவர் பட்டமும் பெற்றார். அக்கூத்தின் ஆட்டமுறையில் ‘சங்காரம்’ என்னும் புதுநாடகமும் ஆக்கினார். ஆய்வும் ஆக்கமும் ஒருவரிடத்தே ஒன்றுக்கொன்று துணையானமைக்கு இஃது எடுத்துக்காட்டு.

மூன்றாம் படி 1976இல் அமைந்தது. கொழும்பு வளாகத்தில் பட்டதாரி ஆசிரியர்க்கென நாடக டிப்ளோமா வகுப்பு தொடங்கப்பெற்றது. அதிற் பயின்றோருள் ஒருவர் குழந்தை ம. சண்முகலிங்கம். அவர் 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தோற்றுவித்தார். சிறுவர்க்கும் பெரியோர்க்குமாகப் பல நாடகங்கள் எழுதினார். 1985இல் அவர் எழுதிய ‘மண் சுமந்த மேனியர்’, க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவரால் நடிக்கப்பெற்றது. திருவிளையாடற் கதையொன்றை நினைவூட்டும் தலைப்புடைய இந்நாடகம், போரின் நிழலில் வாழ்ந்த உழவரின் துயரைப் பொருளாகக் கொண்டது. அது வளாகத்துள் நின்றுவிடாது ஊர்தோறும் சென்றது. அவையோர் தம் வாழ்வையே மேடையிற் கண்டமையின், அவர்தம் அமைதியும் அழுகையுமே திறனாய்வாயின. நாற்பத்தைந்தாம் அகவையில் வகுப்பிற்சென்று பயின்ற ஆசிரியர் ஒருவர், பத்தாண்டிற்குள் ஒரு மக்கட் கூட்டத்தின் நாவாக மாறியமை, நாடகக் கல்வியின் பயனை ஐயுறுவார்க்கு விடையாகும்.

6. காந்திகிராமமும் தஞ்சையும்

ஈழத்தில் இவை நிகழ்ந்த காலத்தே தமிழ்நாட்டிலும் ஒரு திருப்பம் நேர்ந்தது. திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்தில் 1977இல் தேசிய நாடகப் பள்ளியின் துணையுடன் எழுபது நாள் நாடகப் பயிற்சி நடைபெற்றது. அதனை முன்னின்று நடத்திய சே. இராமானுசம் (1935-2016) அப்பள்ளியில் அல்காசியிடம் பயின்றவர், கேரளத்தில் ஜி. சங்கரப்பிள்ளையுடன் நாடகக் களரி இயக்கத்தில் உழைத்தவர். எழுத்தாளரும் ஆசிரியரும் ஆய்வாளரும் அங்கு உடற்பயிற்சி, குரற்பயிற்சி, மேடையமைப்பு ஆகியவற்றை ஒருங்கே கற்றனர். அங்குப் பயின்ற மு. இராமசுவாமி தோற்பாவை நிழற்கூத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். மறு ஆண்டே மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கினார்.

1981இல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபின் இராமானுசம் அங்கு நாடகத் துறையில் பணியாற்றினார். யூரிப்பிடீசின் ‘திராய் மகளிர்’ நாடகத்தைத் தழுவி, நம் பெண்டிரின் ஒப்பாரியை உயிராக வைத்து அவர் அமைத்த ‘வெறியாட்டம்’ தமிழரங்கின் அரிய ஆக்கங்களுள் ஒன்று. கிரேக்க அவலத்தைத் தஞ்சை வட்டாரத்து இழவு வீட்டின் ஓசையாற் கூறும் துணிவு, நூலகத்தில் மட்டும் அமர்ந்திருந்தார்க்கு வாய்த்தல் அரிது.

புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரால் நிகழ்கலைப் பள்ளி அமைந்ததும், அதன் தலைமையை நாடகாசிரியர் இந்திரா பார்த்தசாரதி ஏற்றதும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே. ஒரு காலத்தில் கொட்டகைக்குரியவர் என ஒதுக்கப்பட்ட சுவாமிகளின் பெயர் பல்கலைக்கழக வாயிலில் பொறிக்கப்பட்டது கருதத்தக்கது.

7. திருச்சிராப்பள்ளியின் கடமை

திருச்சிராப்பள்ளிக்கு நாடக மரபு இல்லையெனல் பொருந்தாது. எப். ஜி. நடேச ஐயர் 1914இல் நிறுவிய ரசிக ரஞ்சன சபையின் மேடையிலேதான், சிறுவராக இருந்த தியாகராச பாகவதர் அரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசனாகத் தோன்றினார். இந்திரா பார்த்தசாரதி தம் ஆசிரியப் பணியைத் தொடங்கியது இந்நகரத்துத் தேசியக் கல்லூரியிலாகும். திருவரங்கத்தோடு இணைந்த வாழ்வினரை நாயகராக வைத்து அவர் எழுதிய ‘இராமானுசர்’ 1999இல் சரசுவதி சம்மான் பெற்றது. திருவரங்கத்து அரையர் சேவையோ, பாசுரமும் அபிநயமும் உரையும் பிரியாது தலைமுறைதோறும் காக்கப்பட்டு வருவதொன்று. மரபு உளது, கல்லூரியின் பாடத்திட்டத்தோடு அதனை இணைக்கும் பாலமே வேண்டப்படுகின்றது.

மேற்கூறிய வரலாற்றால் மூன்று செயன்முறைகள் போதரும். முதலாவது, முதுகலை மாணவர் எழுதும் நாடகம் ஒன்றனை ஆய்வேட்டிற்கு நிகராக ஏற்றல். ஆயின் மேடையேறிய பின்னரே அதனை மதிப்பிடல். இரண்டாவது, காண்போரிடம் எழுத்தால் கருத்துப் பெறுதல். அக்காண்போரும் உடன்பயில்வோராகவே அமையாதிருத்தல். நகரின் நடுவிலுள்ள மண்டபத்தில் ஆடிய நாடகத்தை, தென்புறத்துக் குடியிருப்பாகிய எடமலைப்பட்டி புதூர் போன்ற இடத்தில் ஒரு மாலைப்பொழுதில் மீண்டும் ஆடுதல் நன்று. வேலை முடித்து வந்தமர்ந்த ஒருவர் எக்காட்சியில் எழுந்து செல்கின்றாரோ, அக்காட்சியே திருத்தத்திற்குரியது. மூன்றாவது, நாடகப் பிரதிகளைப் பேணல். மாணவர் நாடகம் ஒரு நாள் ஆடப்பட்டு, கையெழுத்துப்படி கைதவறிப் போவதால், அடுத்து வரும் மாணவர் ஒவ்வொருவரும் வெற்றிடத்திலிருந்தே தொடங்க நேர்கின்றது. திருத்தங்களோடு கூடிய பிரதி, நடித்தோர் பெயர், ஆடிய நாள், பெற்ற கருத்துரை ஆகிய இவற்றைத் துறை நூலகத்தில் வைத்தற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

8. முடிவுரை

பேராதனையிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் காந்திகிராமத்திலும் தஞ்சையிலும் நிகழ்ந்தவற்றை ஒருங்கு நோக்குமிடத்து, அவை பெரும்பொருளால் நிகழ்ந்தனவல்ல என்பது விளங்கும். ஓர் ஆசிரியர் முன்வந்தார். மாணவர் உடன் நின்றனர். ஓர் அரங்கு திறந்துவிடப்பட்டது. நாடக நூல்களை ஆராயும் தகுதியை நம் மாணவர்க்கு அளித்துள்ளோம். அவர்தம் எழுத்தை அவையேற்றும் பொறுப்பையும் தமிழ்த் துறைகள் மேற்கொள்ளின், இயலும் இசையும் பெற்ற ஆக்கத்தை நாடகத் தமிழும் பெறும் என்பது எம் துணிபு.