கிள்ளான் மருத்துவமனை தந்த கணக்கு

மருத்துவமனையைச் செம்மைப்படுத்தப் படுக்கைகளைப் பெருக்குவதே வழி என்பர் சிலர். கிள்ளான் வரலாறு வேறொரு வழியைக் காட்டுகிறது. மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்று ரொனால்டு ராஸ் நிறுவினார். 1901-இல் கிள்ளானில் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், அவ்வுண்மையைச் செயலாக்க முனைந்தார். நகரைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களில் வடிகால்கள் வெட்டப்பட்டன.

மருத்துவமனையில் சேர்ந்த மலேரியா நோயாளிகளை, அவர்கள் வாழ்ந்த இடவாரியாகப் பிரித்துக் கணக்கிட்டார் வாட்சன். 1901-இல் நகரத்தார் 334 பேர். 1905-இல் 12 பேரே. வடிகால் எட்டாத புறப்பகுதிகளிலோ, அதே காலத்தில் 197 பேர் 353 ஆகப் பெருகினர். தமிழ்த் தொழிலாளர் குடியேறிய ரப்பர்த் தோட்டங்கள் பரவியதும் அப்புறப்பகுதிகளில்தான்.

மொத்தத் தொகையை மட்டும் நோக்கியிருந்தால் இவ்வேற்றுமை மறைந்தே போயிருக்கும். நோயாளி எவ்வூரார் என்ற எளிய வினாவே, அடுத்த வடிகால் வேண்டிய இடத்தைச் சுட்டிற்று.