இப்னு நஃபீஸ் கண்ட இதயம்



ஜும்ஆ மேடைகளில் கல்பைப் பற்றி நாம் அதிகம் பேசுகிறோம். அங்கே நாம் கருதுவது ஈமான் குடியிருக்கும் உள்ளத்தை. இக்கட்டுரையோ நெஞ்செலும்புக்குப் பின்னால், சற்றே இடப்புறம் சாய்ந்து, கைமுட்டி அளவில் துடித்துக்கொண்டிருக்கும் தசையைப் பற்றியது.

1975 ஆம் ஆண்டு சென்னை பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் ஓர் அறுவை சிகிச்சை செய்தார். இந்தியாவில் வெற்றிகரமாக நடைபெற்ற முதல் பைபாஸ் அறுவை சிகிச்சை அது. இன்று நம் கம்மாபுரம், விருத்தாசலம் பகுதிகளிலும் "அவருக்கு பைபாஸ் ஆகியிருக்கிறது" என்று சொல்லக் கேட்பது சாதாரணமாகிவிட்டது. ஆனால் எதைத் தாண்டி எங்கே பாதை போடுகிறார்கள் என்று கேட்டால் பலருக்கும் விளங்குவதில்லை.

இதயத்தில் மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு அறைகள். உடலெங்கும் சுற்றி வந்த இரத்தம் இரண்டு பெருஞ்சிரைகள் வழியாக வலது மேலறைக்கு வருகிறது. அங்கிருந்து வலது கீழறைக்கு இறங்கி, நுரையீரல் தமனி வழியாக நுரையீரலுக்குச் செல்கிறது. காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்றுக்கொண்டு இடது மேலறைக்குத் திரும்பி, இடது கீழறைக்கு வந்து, பெருந்தமனி வழியாக உடல் முழுவதற்கும் அனுப்பப்படுகிறது. சென்ற இரத்தம் பின்னோக்கி வராதபடி நான்கு வால்வுகள் காவல் நிற்கின்றன. இடது கீழறையின் சுவர் வலது கீழறையின் சுவரைவிடத் தடித்தது. தலை முதல் கால் வரை இரத்தத்தைத் தள்ளும் பணி அதனுடையதல்லவா!

இனி, இதயத்திற்கு உணவு எங்கிருந்து வருகிறது? எந்நேரமும் அதனுள் இரத்தம் நிறைந்திருக்கிறதே, அதுவே போதாதா? போதாது. ஏரி நிறையத் தண்ணீர் இருந்தாலும் வயலுக்கு மதகும் வாய்க்காலும் வேண்டும். அவ்வாறே, பெருந்தமனி இதயத்தை விட்டு வெளிவரும் அடிவாரத்திலேயே வலதும் இடதுமாக இரண்டு தமனிகள் பிரிந்து, இதயத்தின் மேற்பரப்பில் கிளை கிளையாகப் படர்ந்து, அதன் சதைக்குள் இறங்குகின்றன. இவற்றில் கொழுப்பு படிந்து அடைப்பு ஏற்பட்டால், அப்பகுதித் தசை பட்டினியால் சாகத் தொடங்குகிறது. இதுவே மாரடைப்பு. காலிலிருந்து எடுத்த சிரையையோ மார்பின் உட்சுவரிலுள்ள தமனியையோ கொண்டு அடைப்பைத் தாண்டிப் புதிய வாய்க்கால் அமைப்பதுதான் பைபாஸ். நெஞ்சு வலித்தால் "வாயு" என்று சொல்லி ஓமநீர் குடித்துக் காத்திருக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் உண்டு. அந்தக் காத்திருப்பில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் அந்தத் தசையின் உயிர்.

இதயத்திற்கு உணவளிப்பது அதன் அறையிலுள்ள இரத்தமல்ல, அதன் சதையில் பரவியுள்ள குழாய்களே என்று ஏறக்குறைய 780 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஆலிம் எழுதி வைத்தார். அவர் அலாவுத்தீன் இப்னு நஃபீஸ் (ரஹ்). டமாஸ்கஸ் அருகே பிறந்து, நூரீ மருத்துவமனையில் பயின்று, கெய்ரோவில் வாழ்ந்தவர். ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட அறிஞர். கெய்ரோவின் மஸ்ரூரிய்யா மதரஸாவில் ஃபிக்ஹ் பாடம் நடத்தியவர்.

அக்காலத்தில் மருத்துவத்தின் இறுதிச் சொல் கிரேக்க மருத்துவர் காலனும் இப்னு சீனாவும்தான். இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, அவற்றின் வழியாகவே வலப்புற இரத்தம் இடப்புறம் கசிகிறது என்று காலன் கூறியிருந்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதை எவரும் அசைக்கவில்லை. இப்னு சீனா இதயத்திற்கு மூன்று அறைகள் என்றார்.

ஹிஜ்ரி 640இல், அதாவது 1242இல், இப்னு சீனாவின் 'கானூன்' நூலிலுள்ள உடற்கூற்றுப் பகுதிகளுக்கு இப்னு நஃபீஸ் ஷரஹ் எழுதினார். மதரஸாவில் ஓதியவர்களுக்குத் தெரியும், ஷரஹ் எழுதுபவர் பெரும்பாலும் மூலநூலாசிரியரின் சொல்லைக் காக்கவே முயல்வார். இவரோ இந்த இடத்தில் மறுத்தார். அறைகள் இரண்டே என்றார். நடுச்சுவர் தடித்தது, அதில் தெரிந்த துளையும் இல்லை, தெரியாத துளையும் இல்லை, ஆகவே வலப்புற இரத்தம் நுரையீரலுக்குச் சென்று காற்றுடன் கலந்தே இடப்புறம் வந்தாக வேண்டும் என்றார்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஷரீஅத்தின் தடையும் இயல்பான இரக்கமும் உடலை அறுத்துப் பார்ப்பதிலிருந்து தம்மைத் தடுத்தன என்று அவரே முகவுரையில் எழுதுகிறார். அதே நூலில், முன்னோரின் கூற்றை உடற்கூறு பொய்யாக்குகிறது என்றும் வாதிடுகிறார். இவ்விரண்டையும் பொருத்துவதில் ஆய்வாளர்கள் கருத்து வேறுபடுகின்றனர்.

நம் மேடைகளில் சிலர் "இரத்த ஓட்டம் முழுவதையும் கண்டுபிடித்தவர் இப்னு நஃபீஸே" என்று முழங்குகிறார்கள். அது மிகை. அவர் கண்டது இதயத்திற்கும் நுரையீரலுக்கும் இடையிலான ஓட்டம். உடல் முழுவதும் இரத்தம் சுற்றி வருவதை நிறுவியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி, 1628இல். தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்குழாய்களை 1661இல் தவளையின் நுரையீரலில் கண்டவர் இத்தாலியின் மல்பிகி. நுரையீரல் ஓட்டத்தை ஐரோப்பாவில் 1553இல் செர்வீட்டஸ் எழுதினார். அவர் இப்னு நஃபீஸின் நூலைப் பார்த்து எழுதினார் என்பதற்குத் திட்டவட்டமான சான்று இல்லை. உள்ளதைச் சொன்னாலே அவருடைய சிறப்புக்குப் போதுமானது.

ஹிஜ்ரி 687இல், 1288இல், அவர் வஃபாத்தானார். நோய் முற்றிய வேளையில் மருத்துவர்கள் மதுவை மருந்தாகப் பரிந்துரைத்தும் அதை ஏற்க மறுத்துவிட்டார் என்று வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். தம் வீட்டையும் நூல்களையும் சுல்தான் கலாவூன் நிறுவிய மன்சூரீ மருத்துவமனைக்கு வக்ஃபாக எழுதி வைத்தார்.

இதயத்தைப் பற்றி அவர் எழுதியது பல நூற்றாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1924இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் பயின்ற எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் ததாவீ, பெர்லின் நூலகத்திலிருந்த கையெழுத்துப் பிரதியில் அப்பகுதியைக் கண்டு, அதையே தம் ஆய்வேட்டின் பொருளாக்கினார். கெய்ரோவில் வாழ்ந்த கண் மருத்துவர் மாக்ஸ் மேயர்ஹாஃப் 1930களில் அதனை மொழிபெயர்த்து வெளியிட்ட பிறகே உலகம் அதனை அறிந்தது.