‘டேக்’ என்றால் எடுத்தல் மட்டுமா?

மாத்தளை மாவட்டத்தின் எல்கடுவ போன்ற தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பதைக் ‘கொழுந்தெடுத்தல்’ என்றே சொல்வர். ‘டேக்’ என்றால் ‘எடு’ என மனனஞ் செய்த அங்குள்ள மாணவர், தம் தாய் கொழுந்தெடுக்கிறார் என்பதை ஆங்கிலத்தில் எழுத முற்பட்டால் அச்சொல்லையே இடக்கூடும். ஆங்கிலமோ அவ்விடத்தில் ‘பிளக்’ என்னும் வினையை வேண்டி நிற்கிறது. (அதே சொல் பெயராக வரும்போது மனத்துணிவைக் குறிக்கும். மழையிலும் மலைச்சரிவேறிக் கொழுந்தெடுப்போருக்கு அதுவும் பொருந்தும்.)

‘டேக்’ ஆங்கிலத்தின் பூர்வீகச் சொல்லன்று. வைக்கிங்குகள் எனப்பட்ட ஸ்கண்டிநேவியர் இங்கிலாந்தில் குடியேறியபோது அவர்களோடு வந்த ‘டாக்கா’ என்னும் வினை, பழைய ஆங்கிலத்திலிருந்த ‘நிமன்’ என்பதைக் காலப்போக்கில் வழக்கொழித்தது. கை கால் மரத்துப்போவதைக் குறிக்கும் ‘நம்’ என்னும் சொல் அப்பழைய வினையின் எச்சமாகும்.

எடுத்தலைப் போலவே ‘கொண்டு போதல்’ என்பதும் இவ்வினையின் முதன்மையான பொருளாகும். கொண்டு வருதலுக்கு ‘பிரிங்’, கொண்டு போதலுக்கு ‘டேக்’. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்வதும் ‘டேக்’தான். பஸ்ஸில் பயணஞ் செய்வதும், படம் பிடிப்பதும், லீவு போடுவதும், பரீட்சைக்குத் தோற்றுவதும் இதற்குள் அடங்கும். ஒரு வேலைக்கு நேரம் செல்லும் என்று நாம் சொல்வதை ஆங்கிலேயர் ‘இட் டேக்ஸ் டைம்’ என்பர். ஆயினும் நாம் ‘பிடிக்கும்’ எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. முஸ்லிம்கள் நோன்பு பிடிப்பதை ‘டேக்’ என்றோ ‘கேட்ச்’ என்றோ சொல்ல இயலாது. ஆங்கிலத்தில் ‘ஃபாஸ்ட்’ என்பதே தனி வினையாக நிற்கிறது.

இவை தவறினால் நகைப்புக்கிடமாவதோடு முடிந்துவிடும். மருந்துப் போத்தலில் அவ்வாறன்று. வில்லையாயினும் பாணியாயினும் மருந்தைக் ‘குடித்தல்’ என்பது நம் வழக்கு. ஆங்கில மருந்துச் சீட்டில் அதற்கு ‘டேக்’ என்றே இருக்கும். பூசுவதற்கான மருந்துப் போத்தல்கள் சிலவற்றில் ‘நொட் டு பி டேக்கன்’ என எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். உட்கொள்ளலாகாது என்பதே அதன் பொருள். ‘எடு’ என்ற ஒற்றைப் பொருளை மட்டும் அறிந்தவர் அதனை ‘எடுத்துச் செல்லக்கூடாது’ என்று வாசித்துவிட்டு, வீட்டிலிருந்தே குடித்துவிடவும் கூடும். மருந்தாளரிடம் ஒரு முறை கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

பின்னொட்டுச் சொற்கள் சேரும்போது பொருள் மேலும் விலகிச் செல்கிறது. ‘டேக் ஆஃப்டர்’ என்றால் பெற்றோரைப் போலிருத்தல். ‘டேக் ஓஃப்’ விமானம் மேலெழுவதையும் உடையைக் களைவதையும் குறிக்கும். ‘டேக் இன்’ என்பதற்கு ஏமாற்றுதல் என்றும் ஒரு பொருளுண்டு.

தோட்டத்து மக்கள் தம் வாழ்விலேயே கண்ட தொடர் ‘டேக் ஓவர்’. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டத்தாலும் 1975 ஆம் ஆண்டின் திருத்தத்தாலும் அரசு தோட்டங்களைச் சுவீகரித்தது. 1992 இல் பிராந்தியக் கம்பனிகள் அவற்றின் முகாமைத்துவத்தைப் பொறுப்பேற்றன. இரண்டையும் ஆங்கிலத்தில் ‘டேக் ஓவர்’ என்று சொல்லிவிடலாம். முன்னதில் காணியின் உரிமையே கைமாறியது. பின்னதில் காணி அரசிடமே இருக்க, நிருவாகம் மாத்திரம் கைமாறியது. இவ்வேறுபாட்டைத் தமிழ் இரண்டு சொற்களால் காட்டுகிறது. ஆங்கிலத்தில் வரும் அறிவித்தலிலோ அடுத்து வரும் சொல் காணியா, முகாமைத்துவமா என்று பார்த்தே அதனை அறிய வேண்டியிருக்கிறது.