போர் விமானமும் பண்ணை விலங்கும்: ஒரு நகைச்சுவை மரபு

போர் விமானத்தையும் ஆடுமாடு கோழிகளையும் ஒரே காட்சியில் நிறுத்திச் சிரிக்கும் பகடி, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பல நாடுகளில் காணப்பட்டது. அதன் வேர் அதைவிடப் பழையது. பறக்கும் பொறியை எவ்வளவு பெரிதாகக் கொண்டாடினாலும், பக்கத்தில் ஒரு கழுதையோ கோழியோ வந்து நின்றால் அதன் வீறாப்பு இறங்கிவிடும். இந்த மரபின் சரக்கெல்லாம் அதுதான்.

வானில் மிதந்த முதற் பயணிகளே பண்ணை விலங்குகள். 1783 செப்டெம்பர் 19 அன்று வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயி மன்னர் பார்த்திருக்க, மொங்கோல்பியே சகோதரர்களின் வெப்பக்காற்றுப் பலூன் ஒரு செம்மறியையும் வாத்தையும் சேவலையும் ஏற்றிக்கொண்டு சுமார் எட்டு நிமிடம் மிதந்து இறங்கியது. சேவலின் இறக்கையில் காயம் இருந்தது. மேல்வானக் காற்று உயிர்களுக்கு ஆகாதோ என்று அறிஞர்கள் கவலைப்பட்டார்கள். புறப்படுமுன் செம்மறி உதைத்த உதைதான் காரணம் என்று பிறகு சொல்லப்பட்டது. 1909 நவம்பர் 4இல் இங்கிலாந்தின் மூர்-பிரபசன், பன்றி பறக்காது என்ற பழைய பேச்சைப் பொய்யாக்க, ஒரு பன்றிக்குட்டியைக் குப்பைக்கூடையில் வைத்துத் தன் விமானத்தில் கட்டிப் பறந்தார். அவரே 1941இல் பிரித்தானியாவின் விமான உற்பத்தி அமைச்சரானார். பன்றியில் தொடங்கியவர் ஸ்பிட்ஃபயருக்கும் ஹரிக்கேனுக்கும் பொறுப்பாளர்!

பட்டப்பெயர் வைப்பதில் முதற்பரிசு சோவியத் விமானிகளுக்கே உரியது. 1933இல் முதன்முதலாகப் பறந்த பொலிகார்ப்போவ் ஐ-16 போர் விமானத்தை அவர்கள் ‘கழுதை’ என்று அழைத்தார்கள். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் அதே விமானம் குடியரசுத் தரப்புக்கு ‘ஈ’. எதிர்த் தரப்புக்கு ‘எலி’.

கோழியின் பங்கு சிரிப்போடு நிற்கவில்லை. கலிபோர்னியாவின் பர்பாங்கில் லொக்ஹீட் நிறுவனம் போர் விமானங்கள் கட்டிய தொழிற்சாலையை, மேலிருந்து பார்ப்பவருக்கு ஊர்போலத் தெரியும்படி வலைவிரித்து மூடினார்கள். அதன்மேல் நட்ட போலி மரங்களின் இலைகள், கம்பிவலையில் ஒட்டிய கோழி இறகுகள். 1942இல் அமெரிக்காவில் ‘கோழிப் பீரங்கி’ பிறந்தது. பறக்கும்போது பறவை மோதினால் விமானத்தின் முகப்புக் கண்ணாடி தாங்குமா என்று பார்க்க, செத்த கோழியை அமுக்கக் காற்றால் வேகமாகச் சுட்டுப் பார்க்கும் கருவி அது. இந்த மரபின் மிகப் பிரபலமான கதையும் இதிலிருந்து வந்ததே. ஒரு நாட்டுப் பொறியாளர்கள் இன்னொரு நாட்டிடம் பீரங்கியை இரவல் வாங்கிச் சுட்டார்களாம். கோழி கண்ணாடியை உடைத்து, இருக்கையைத் துளைத்து, பின்சுவரில் போய்க் குத்தி நின்றதாம். என்ன பிழை என்று கேட்டெழுதியவர்களுக்கு ஒரே வரியில் பதில் வந்ததாம்: கோழியின் ஐஸ் உருகிய பிறகு சுடவும். கதை கட்டுக்கதைதான். ஆனாலும் நாடுகளின் பெயரை மாற்றி மாற்றி இன்னும் சொல்கிறார்கள்.

இலங்கைக் கிளை 1942இல் தொடங்குகிறது. சிங்கப்பூர் விழுந்த பிறகு கொழும்பைக் காக்க ஓடுபாதைகள் போதவில்லை. குதிரைப் பந்தயத் திடலையே ஓடுபாதை ஆக்கினார்கள். ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலையில் வந்த ஜப்பானிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தையும் இரத்மலானை விமானத்தளத்தையும் குறிவைத்தன. ரேஸ்கோர்ஸ் அவர்கள் கணக்கிலேயே இல்லை. பிரித்தானிய வான்படையின் 258ஆம் படைப்பிரிவு ஹரிக்கேன்கள் குதிரை ஓடிய அந்த மண்ணிலிருந்துதான் எழும்பின. எழும்பியவற்றில் பாதிக்கு மேல் வீழ்ந்தன என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

புத்தளத்துக் கதை அதைவிட நன்று. யானை பண்ணை விலங்கா என்று கேட்பவர்கள், கட்டை இழுக்கும் யானையை ஒரு நாள் பார்த்துவிட்டு வரலாம். புத்தளத்தில் பிரித்தானியக் கடற்படையின் விமானத்தளத்துக்கு ‘ராஜாலியா’ என்று பெயர், சிங்களத்தில் கழுகு. அங்கே நின்ற கோர்செயர் போர் விமானம் வெறும் எடையிலேயே நான்கு தொன். அதன் பதினெட்டு உருளை எஞ்சின் 2,000 குதிரை வலு கொண்டது. வானில் மணிக்கு 640 கிலோமீற்றரைத் தாண்டும். தரையில் அதை இடம்மாற்ற வேண்டி வந்தபோது முன்னால் கட்டியது ஒரு யானையை. இரண்டாயிரம் குதிரையும் சும்மா இருக்க, ஒற்றை யானை அசைந்து அசைந்து இழுத்துப் போகும் காட்சியைப் படமாக எடுத்தும் வைத்திருக்கிறார்கள். கழுகின் பெயர் தாங்கிய தளத்தில் உண்மையில் வேலை பார்த்தது யார் என்பதில் சந்தேகம் வேண்டியதில்லை. இலங்கையின் கிழக்கில் இதை யாரும் அதிசயமாகக் கொள்ளமாட்டார்கள். ஏறாவூர்ப் பணிக்கர்கள் கயிறு போட்டுக் காட்டு யானை பிடித்துப் பேரெடுத்தவர்கள்; எருமைத்தோல், மான்தோலில் திரித்த கயிறே பணிக்கரின் ஆயுதமாக இருந்தது.

மட்டக்களப்புக்கு வடக்கே, திருகோணமலை வீதியில் கடலையும் பனிச்சங்கேணிக் களப்பையும் அண்டிக் கிடக்கும் மாங்கேணிப் பக்கத்தில் இந்த மரபு வேறு முகம் காட்டுகிறது. 1942 ஏப்ரல் 9இல் திருகோணமலையின் சீனக்குடா விமானத்தளம் ஜப்பானியரால் தாக்கப்பட்டது. அதே நாள் மட்டக்களப்புக்கு நேரே பிரித்தானியாவின் ஹெர்மிஸ் கப்பல் மூழ்கியது. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். விமானந்தாங்கிக் கப்பலான அதில் அன்று ஒரு விமானமும் இருக்கவில்லை. இதைப் பகடி என்று சொல்ல வாய் வராது. அடுத்த போர், அரசுக்கும் புலிகளுக்கும் நடந்தது, இன்னும் கிட்ட வந்தது. 2006 கடைசியில் ஷெல்லடிக்கும் கிபிர் போர் விமானத்துக்கும் நடுவே இந்த வாகரைப் பகுதிச் சனம் இடம்பெயர்ந்தபோது, பட்டி மாடுகளும் ஆடுகளும் பின்னால் விடப்பட்டன. மேலே பறந்தவருக்குப் புள்ளியாகத் தெரிந்த மாடு, கீழே இருந்தவருக்குப் பாலும் தயிரும் மகளின் சீதனமும். வெர்சாய்ச் சேவலின் கதை இங்கே எடுபடாததற்குக் காரணம் இதுவே.

எடுபட்டது பட்டப்பெயர்தான். வடக்கிலும் கிழக்கிலும் ஆட்கள் விமானத்தைச் சத்தத்தை வைத்தே பிரித்தார்கள். இழுத்து இழுத்து வந்து குண்டு கொட்டும் கனத்த விமானம் ‘சகடை’. தலைக்குமேல் ரீங்காரமிட்டுச் சுற்றும் ஆளில்லா வேவு விமானம் ‘வண்டு’. இஸ்ரேலில் செய்த கிபிர் மட்டும் சொந்தப் பெயரோடே வந்தது. எபிரேயத்தில் அது சிங்கக்குட்டி என்பது கீழே பதுங்கியவர்களுக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். வன்னியில் பலர் சொல்லும் கதை ஒன்று உண்டு: கிபிர்ச் சத்தம் மனிதக் காதுக்கு எட்டுமுன்னரே வீட்டு நாய் பங்கருக்குள் இறங்கி, நல்ல இடமாகப் பார்த்துப் படுத்துவிடும், பின்னால் ஓடிவரும் வீட்டுக்காரர்தான் ஒதுங்கி உட்கார இடம் தேடவேண்டும்.