இகழ்ச்சிப் பாடமும் ஒரு முதியவரின் பயணமும்

புனித வெள்ளியன்று பிற்பகல், யோவான் எழுதிய பாடுகளின் வரலாறு நம் ஆலயங்களில் வாசிக்கப்படுகிறது. ஆண்டவரின் சொற்களை ஒருவரும் நிகழ்ச்சிகளை மற்றொருவரும் வாசிக்க, கூட்டத்தின் குரலை மக்கள் அனைவரும் சேர்ந்து எழுப்புவது பல பங்குகளில் வழக்கம். அவரைச் சிலுவையில் அறையக் கேட்கும் குரல் அன்று நம் வாயிலிருந்தே எழுகிறது. ஆயினும் அடுத்து வரும் மறைக்கல்வி வகுப்பில், இயேசுவைக் கொன்றவர் யார் என்று கேட்டால், பிள்ளைகள் சற்றும் தயங்காமல் ‘யூதர்கள்’ என்று விடை கூறுகின்றனர். யூதர், யூதாசு என்னும் சொற்கள் தமிழில் ஒலியால் நெருங்கியிருப்பதால், காட்டிக்கொடுத்தவனின் பழியை ஓர் இனம் முழுவதன்மேலும் ஏற்றிவிடுவது அவர்களுக்கு எளிதாகிறது.

ஒரு யூதரையேனும் தம் வாழ்நாளில் கண்டிராத சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு இந்த விடையைக் கற்பித்தவர் யார்? வேறு எவருமல்லர், நாமே. நம் மறையுரைகளும் நம் பாஸ்கு மேடைகளும் அதைக் கற்பித்தன. நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே பிரசங்கித்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். யூதரின்மேல் பகைமை உலகெங்கும் மீண்டும் தலைதூக்கும் இந்நாட்களில், அப்பாடத்தைத் திருத்துமாறு திருச்சபையின் கதவைத் தட்டிய ஒரு முதியவரை நினைவுகூர்வது நமக்கு நலம் பயக்கும்.

அவர் பெயர் ஜூல் இசாக். 1877ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் பிறந்த யூதர், வரலாற்றுப் பேராசிரியர். ‘மாலே-இசாக்’ என்று வழங்கிய அவருடைய வரலாற்றுப் பாடநூல்களைப் பிரெஞ்சு மாணவர் பல தலைமுறையாகக் கற்றனர். 1936இல் அவர் அந்நாட்டுக் கல்வித்துறையின் தலைமை ஆய்வாளரானார். 1940இல் பிரான்சு செர்மனியிடம் வீழ்ந்தது. அதன்பின் விஷி நகரில் அமைந்த அரசு யூதருக்கு எதிராக இயற்றிய சட்டத்தால் இசாக் பதவியிழந்தார். ஒரு நாட்டின் பிள்ளைகளுக்கெல்லாம் அந்நாட்டின் வரலாற்றைக் கற்பித்தவர், அந்நாட்டிலேயே அயலாராக்கப்பட்டார்.

1943 அக்டோபரில் ரியோம் நகரில் அவருடைய மனைவியும் மகளும் கைது செய்யப்பட்டனர். அவ்வேளையில் வெளியே சென்றிருந்ததால் இசாக் மட்டும் தப்பினார். இருவரும் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர், திரும்பி வரவில்லை. தொடங்கிய நூலை எப்படியும் முடிக்க வேண்டும் என்று மனைவி அவருக்குச் செய்தி அனுப்பியிருந்தார். மறைந்து மறைந்து வாழ்ந்த நாட்களிலும் இசாக் எழுதுவதை நிறுத்தவில்லை. 1948இல் ‘இயேசுவும் இஸ்ரயேலும்’ என்னும் அந்நூல் வெளிவந்தது.

அவர் எழுப்பிய வினா கூர்மையானது. நாசிகளின் இனவெறி கிறிஸ்துவிடமிருந்து வந்ததன்று. அது கிறிஸ்தவ நெறிக்கே பகையானது. ஆனால் கிறிஸ்தவம் வேரூன்றிய ஐரோப்பாவின் நடுவில் 60 இலட்சம் யூதர் கொல்லப்பட்டபோது, அத்தனை பேர் பாராமுகமாயிருந்தது எங்ஙனம்? நூற்றாண்டுகளாகக் கற்பிக்கப்பட்டு வந்த இகழ்ச்சியே அந்த நிலத்தை உழுது வைத்தது என்று அவர் கண்டார்.

அப்பாடத்தில் மூன்று கூறுகளை அவர் பிரித்துக் காட்டினார். யூதர் உலகெங்கும் சிதறியது இயேசுவைப் புறக்கணித்ததற்குத் தண்டனை என்பது ஒன்று. ஆனால் கிறிஸ்து பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே அவர்கள் அலெக்சாந்திரியாவிலும் உரோமையிலும் குடியேறி வாழ்ந்தனர். இயேசுவின் காலத்து யூத சமயம் உயிரற்றுப் போயிருந்தது என்பது இரண்டாவது. ஆனால் அதே மண்ணில்தான் மரியாவும் யோசேப்பும் திருத்தூதர்களும் செபிக்கக் கற்றனர். யூத இனம் முழுவதும் கடவுளைக் கொன்ற இனம் என்பது மூன்றாவதும் மிகக் கொடியதுமாகும். ஆனால் அன்றைய யூதருள் பெரும்பாலோர் பாலஸ்தீனத்துக்கு வெளியே வாழ்ந்தவர்கள். இயேசுவின் பெயரைக்கூடக் கேள்விப்படாதவர்கள். சிலுவைச் சாவோ உரோமையர் தண்டனை. தீர்ப்பளித்தவன் உரோமை ஆளுநன் பிலாத்து.

இசாக் நூல் எழுதியதோடு நின்றிருந்தால், நூலகத்தின் ஓர் அலமாரியே அவர் பயணத்தின் முடிவாயிருந்திருக்கும். அவர் அதிகாரத்தில் இருந்தோரிடமும் சென்றார். 1947இல் சுவிட்சர்லாந்தின் சீலிஸ்பெர்க் என்னுமிடத்தில் யூதரும் கிறிஸ்தவரும் கூடியபோது, அவர் வகுத்துத் தந்த கருத்துகளின் அடிப்படையில், கிறிஸ்தவப் போதகர்களுக்கென்று பத்து நெறிகள் உருவாயின. 1949இல் திருத்தந்தை 12ஆம் பயசைச் சந்தித்துத் தம் கோரிக்கையை முன்வைத்தார்.

அந்நாட்களில் புனித வெள்ளி வழிபாட்டில் யூதருக்காகச் செபிக்கும்போது, விசுவாசத்துக்குத் துரோகம் செய்தோர் என்று பொருள் கொள்ளத்தக்க இலத்தீன் அடைமொழி ஒன்று அவர்களுக்கு இருந்தது. மற்ற மன்றாட்டுகளுக்கு முழந்தாளிட்ட மக்கள், அம்மன்றாட்டுக்கு மட்டும் முழந்தாளிடுவதில்லை. 1955இன் சீர்திருத்தத்தில் முழந்தாளிடுதல் மீண்டும் வந்தது. 1959இல் திருத்தந்தை 23ஆம் யோவான் அந்த அடைமொழியை அறவே நீக்கினார். ஒரு சொல்தான், ஆனால் அது வழிபாட்டில் பல நூற்றாண்டுகள் ஒலித்த சொல்.

1960 சூன் 13 அன்று, 82 வயது நிறைந்த இசாக், உரோமையில் அதே திருத்தந்தையின் முன் அமர்ந்தார். திரிதெந்து சங்கத்தின் மறைக்கல்வி நூலையே அவர் சான்றாகக் காட்டினார். 1566இல் வெளிவந்த அந்நூல், கிறிஸ்துவின் சாவுக்குப் பாவிகள் அனைவருமே காரணர் என்றும், அறிந்தே பாவம் செய்யும் கிறிஸ்தவரின் குற்றம் யூதரின் குற்றத்தினும் பெரிது என்றும் கற்பிக்கிறது. ஆகவே தாம் கேட்பது புதுமையன்று, திருச்சபையின் சொந்தப் போதனையே என்பது அவர் வாதம். விடைபெறும்போது, சிறிதளவு நம்பிக்கையை எடுத்துச் செல்லலாமா என்று அவர் கேட்க, நம்பிக்கைக்கும் மேலானதைப் பெற அவருக்கு உரிமையுண்டு என்று திருத்தந்தை மறுமொழி கூறினாராம்.

அப்பணி கர்தினால் அகுஸ்தீன் பெயாவிடம் ஒப்படைக்கப்பட்டது. யூத அறிஞர் ஆபிரகாம் யோசுவா ஹெஷல் போன்றோரும் பெயாவைச் சந்தித்துத் தங்கள் வேண்டுகோளை அளித்தனர். ஆயினும் வழி எளிதாயில்லை. அரபு நாட்டு அரசுகள் இதை அரசியல் அறிக்கையாகக் கண்டு எதிர்த்தன. தம் மக்கள் துன்புறுத்தப்படுவார்களோ என்று கீழைத் திருச்சபைகளின் ஆயர்கள் அஞ்சினர். 1962இல் வரைவு நிகழ்ச்சி நிரலிலிருந்தே எடுக்கப்பட்டது. பெயா விடவில்லை. யூதரைப் பற்றி மட்டும் பேசுவானேன் என்ற கேள்வி எழுந்தபோது வரைவு விரிந்தது; இந்து சமயமும் புத்த சமயமும் இஸ்லாமும் அதனுள் இடம்பெற்றன.

இங்கே தமிழ் மண்ணின் கத்தோலிக்கராகிய நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். இந்துச் சகோதரரோடு உரையாடவும், அவர்கள் சமயத்தில் உண்மையும் தூய்மையுமானவற்றை மதிக்கவும் நமக்கு வழிகாட்டியது அந்த அறிக்கையே. குருத்துவக் கல்லூரியில் நாம் அதை ஆர்வத்தோடு பயின்றோம், மேடைதோறும் எடுத்துக்காட்டினோம். அதன் வேர், மனைவியையும் மகளையும் பறிகொடுத்த ஒரு யூதரின் கண்ணீரில் நனைந்தது என்பதை எண்ணிப் பார்த்தோமா?

1965 அக்டோபர் 28 அன்று, 2221 சங்கத் தந்தையர் ஆதரவாகவும் 88 பேர் எதிராகவும் வாக்களிக்க, அறிக்கை வெளியாயிற்று. கிறிஸ்துவின் பாடுகளுக்கான பழியை அன்றைய யூதர் எல்லார்மேலும் வேறுபாடின்றிச் சுமத்துவதோ, இன்றைய யூதர்மேல் சுமத்துவதோ தகாது என்று சங்கம் அறிவித்தது. இசாக் அதைக் காணவில்லை. 1963 செப்டம்பரில் மறைந்தார். 23ஆம் யோவானும் அதே ஆண்டு சூன் மாதத்தில் இறைவனடி சேர்ந்திருந்தார். வாக்களிக்கப்பட்ட நாட்டை நெபோ மலையிலிருந்து பார்த்த மோசேயைப் போல, இருவரும் தொலைவிலிருந்தே அந்நாளைக் கண்டனர்.

அறிக்கை வந்ததால் நோய் தீர்ந்துவிடவில்லை. 2018இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், தொழுகைக்கூடத்தில் கூடியிருந்த 11 யூதர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2023 அக்டோபர் 7க்குப் பின், பல நாடுகளில் யூதர்மீது வசையும் தாக்குதலும் பெருகின. காசாவில் மடிந்த குழந்தைகளுக்காக நம் நெஞ்சம் பதறுகிறது, பதற வேண்டும். ஓர் அரசின் செயலைக் கண்டிப்பது நீதியின் கடமையாகலாம். ஆனால் அச்செயலுக்காக வேறொரு நாட்டில் பள்ளிக்குச் செல்லும் யூதச் சிறுவனை வெறுப்பது, சிலர் செய்ததைப் பலர்மேல் சுமத்தும் அதே பழைய பாடமாகும். யூதப் பகைமை கடவுளுக்கு எதிரான பாவம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2024இல் எழுதியதை நாம் மறக்கலாகாது.

நம்மால் ஆவது என்ன? இசாக் இரு வழிகளில் உழைத்தார்: பாடத்தைத் திருத்தினார், பாடத்தை மாற்றும் அதிகாரம் உடையோரை விடாது அணுகினார். நம் மறைக்கல்வி நூல்களில் எஞ்சியுள்ள தவறான வரிகளை ஆயர்களின் கவனத்துக்குக் கொண்டுசெல்லலாம். பாஸ்கு மேடையில் இயேசுவுக்கும் அன்னை மரியாவுக்கும் ஒரு வகை உடையும் ‘யூதருக்கு’ வேறு வகை உடையும் அணிவிப்பதை விட்டுவிடலாம்; அவர்கள் அனைவரும் யூதரே. செர்மனியின் ஓபராமர்காவு என்னும் சிற்றூரில் 1634 முதல் நடந்துவரும் பாடுகளின் நாடகத்தை 1934இல் ஹிட்லரே நேரில் கண்டு புகழ்ந்தான். அவ்வூரார் பின்னாளில் தம் நாடகத்தைத் திருத்தி எழுதினர். அவர்களால் இயன்றது நம்மாலும் இயலும்.

வெறுப்பு பிறவிக் குணமன்று, கற்பிக்கப்படுவது. கற்பிக்கப்பட்டதை மாற்றிக் கற்பிக்கவும் கூடும். அடுத்த புனித வெள்ளியன்று கூட்டத்தின் குரலை எழுப்பியபின், நம் பிள்ளைகளிடம் மீண்டும் அதே வினாவைக் கேட்போம். ‘எங்கள் பாவம்’ என்று அவர்கள் விடை கூறும் நாளில், இசாக்கின் பயணம் நம் பங்கையும் வந்தடைந்திருக்கும்.