விலாசமும் பலகாரமும்

தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும், மணமாகிப் போன பெண்ணுக்குத் தாய்வீட்டிலிருந்து சீர் போவது நம்மவர் வழக்கம். பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சட்கொத்து ஆகியவற்றைத் தமையனோ தம்பியோ தானே சுமந்து செல்வான். ஆள் வராமற் பொருள் மட்டும் வந்தால் அது சீராகாது என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்றோ அண்ணன் கட்டார் நாட்டில் இருந்தபடியே கைத்தொலைபேசியிற் பட்டியலைப் பார்த்துப் பணம் செலுத்துகிறான். கேக்கும் முறுக்கும் பால்மாவும் அடங்கிய பெட்டி தங்கை வீட்டுக்குப் புறப்படுகிறது. இதைக் கண்டு முகஞ்சுளிப்போர் நம்மூரிலும் உளர். அவர்களோடு வழக்காடுவது என் நோக்கமன்று. இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது, அந்தப் பெட்டி ஒரு வீட்டை அடைய என்ன வேண்டும் என்பவற்றை வரலாற்றிற் சிறிது தேடிப்பார்ப்போம்.

தபாலிற் பொருள் வரவழைப்பது நேற்று முளைத்த காரியமன்று. வேல்ஸ் நாட்டில் நியூட்டவுன் என்னும் சிற்றூரைச் சேர்ந்த பிரைஸ் ஜோன்ஸ் என்ற துணி வியாபாரி 1861ஆம் ஆண்டளவில் விலைப்பட்டியல் அனுப்பிக் கம்பளித் துணி விற்கத் தொடங்கினார். இந்தியத் தபாற் பகுதி 1877 டிசம்பரில் வி. பி. பி. முறையை ஏற்படுத்தியது. பொதியைக் கையில் வாங்கும்போது தபாற்காரரிடம் பணத்தைக் கொடுத்தாற் போதும். கடைக்காரர் முகத்தையே காணாத கிராமவாசிக்கும் நம்பி வாங்கும் துணிவு பிறந்தது. பழைய தமிழ்ச் சஞ்சிகைகளில் லேகியம், கைக்கடிகாரம், நாவல் எல்லாவற்றின் விளம்பரத்திலும் வி. பி. பி. என்ற மூன்றெழுத்து விடாமற் காணப்படும்.

ஆனால் உணவுப் பொருள் வீட்டு வாசலுக்கே வந்த கதையை அறிய அமெரிக்காவுக்குத்தான் செல்ல வேண்டும். அந்நாட்டு நகரவாசிகளுக்கு வீடுதேடிக் கடிதம் வந்த காலத்தில், பண்ணைகளில் வாழ்ந்த விவசாயிகள் கடிதத்துக்காகத் தபாற் கந்தோருக்குப் பல மைல் போகவேண்டியிருந்தது. 1896 அக்டோபர் 1ஆம் திகதி மேற்கு வர்ஜீனியாவிற் கிராமப்புற இலவச விநியோகம் தொடங்கிற்று. பண்ணை வீட்டுக்கு முன்னே ஒரு பெட்டி. அதன்மேல் ஒரு பெயர். அதுவே பெரிய புரட்சி என்பேன். தனியார் பொதிக் கம்பனிகள் நெடுங்காலம் எதிர்த்து நின்றபோதும், 1913 ஜனவரி 1ஆம் திகதி பொதித் தபாலும் வந்தது. முதல் ஆறு மாதங்களில் ஏறக்குறைய 30 கோடிப் பொதிகள் சென்றன! அடுத்த ஆண்டே தபாலதிபர்கள், முட்டையும் வெண்ணெயும் விற்க விரும்பும் விவசாயிகளின் பெயர்களைப் பட்டியலாக்கி நகரக் குடும்பங்களுக்கு வழங்கினர். கதைக்கு உதவும் இச்செய்தியை வாசகர் மனத்திற்கொள்க.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ஐரோப்பா பசியால் வாடிய காலத்தில் இவ்வழக்கம் உன்னத நிலையை எய்தியது. 1945 நவம்பரில் அமெரிக்காவின் 22 ஸ்தாபனங்கள் கூடிக் ‘கெயர்’ என்னும் அமைப்பை நிறுவின. அமெரிக்காவிலிருந்த ஒருவர் பணம் கட்டி, ஐரோப்பாவிலுள்ள தம் உறவினர் பெயரையும் விலாசத்தையும் கொடுத்தால், உணவுப் பொதி அவரைச் சென்றடையும். முதற் பொதிகள் இராணுவத்திடம் மிஞ்சிக் கிடந்த உணவுப் பெட்டிகளே. 1946 மே 11ஆம் திகதி அவை பிரான்சின் லுஆவ்ர் துறைமுகத்தில் வந்திறங்கின. இறைச்சி, கொழுப்பு, சீனி, தேன், உலர்ந்த திராட்சை, சொக்கலேற், கோப்பி, முட்டைத்தூள், பால்மா என்பன அவற்றில் இருந்தன. இவற்றுள் ஒன்றையாவது கொடுத்தவர் தம் கையாற் சமைக்கவில்லை, பெட்டியைக் கட்டவுமில்லை. ஆயினும் அதைத் திறந்த தாய், கடல் கடந்த தன் பிள்ளை தன்னை மறக்கவில்லை என்று அறிந்துகொண்டாள். அதனைச் சீரல்ல என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? பின்னர் உறவினர் எவருமில்லாத அமெரிக்கரும் ‘பசித்த ஒருவருக்கு’ என்று மட்டும் எழுதிப் பணம் அனுப்பலாயினர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1880இல் மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. தோட்டத்துத் துரைமார் கொழும்பிலும் கண்டியிலும் உள்ள பெருங்கடைகளுக்கு எழுதி, தகரத்தில் அடைத்த உணவும் நத்தார்ப் பண்டங்களும் வரவழைப்பர். நாள்தோறும் தபாற் பையைச் சுமந்து நடக்கத் ‘தப்பால் கூலி’ என ஒருவர் இருந்தார். பட்டணத்திலிருந்து இறைச்சிப் பெட்டியைத் தலையிற் சுமந்துவர மற்றொருவர். நத்தார் வாரத்தில் அப்பெட்டியின் பாரம் எவ்வளவிருந்திருக்குமென்று எண்ணிப் பாருங்கள். சுமந்தவர் நம் முன்னோர். பெட்டியின் மேலிருந்த விலாசம் துரையின் பங்களா. சுமந்தவர் குடியிருந்த லயத்துக்கோ விலாசமே கிடையாது. அவருக்கு ஊரிலிருந்து வந்த கடிதமும் தோட்டக் கந்தோரைக் கடந்தே வரவேண்டும்.

1964 அக்டோபர் 30ஆம் திகதிய சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேர் இந்தியா செல்லவேண்டும் என விதித்தது. அதன்பின் ஒரு வயிற்றிற் பிறந்தோர் இரு நாட்டினராயினர். அவர்களுக்கிடையே எஞ்சிய உறவு பெரும்பாலும் கடிதந்தான். அக்கடிதத்துக்கும் தோட்டக் கந்தோர்தான் வாசல்.

இன்றும் பல தோட்டங்களில் இந்நிலை முற்றாக மாறவில்லை. நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்தபின் கிடைத்தது என்ற முறைப்பாடு மலையகத்துக்குப் புதிதன்று. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அரிசியும் பருப்பும் ஓராண்டுக்குள் எட்டாக்கனியாயின. அந்நாளில் வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள் இணைய அங்காடிகளில் உணவுப் பொதி வாங்கி வீட்டுக்கு அனுப்பினர். கொழும்பிலே அது வாசலுக்குப் போகும். லயத்துக்கு அனுப்புவோன் பெயரையும் தோட்டத்தையும் பிரிவையும் எழுதிவிட்டு, அதன் கீழ்த் தொலைபேசி இலக்கத்தையும் எழுதவேண்டும். கொண்டுவருபவர் சந்தியில் நின்று அழைப்பார். மலைமேல் அலை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாற் பெட்டி திரும்பிவிடும்.

1914இல் அமெரிக்கத் தபாலதிபர்கள் செய்த பட்டியல் வேலை பெரிய வித்தையன்று. சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களில் ஒவ்வொரு லயத்துக்கும் ஒவ்வோர் அறைக்கும் இலக்கமிட்டு, குடும்பத் தலைவரின் பெயருடன் குறித்து, ஒரு பிரதியைத் தபாலதிபரிடமும் மற்றொன்றைக் கிராம உத்தியோகத்தரிடமும் நம் வாலிபர் ஒப்படைக்கலாம். லயத்துக்கு இருவர், கையில் ஒரு கொப்பி, ஒரு வாளிச் சுண்ணாம்பு போதும். அடுத்த தீபாவளிக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன.